நாலு பேர் தூக்கிய கூரை

மோர்னிங்சைட் பக்கத்தில் கஸ்பரைத் தெரியாத தமிழன் ஒருவன் இருந்தால் அவன் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியவனாக இருக்கவேண்டும். நாளைக்கு அவனும் தெரிந்துகொள்வான். படுக்கக் கட்டில் வேண்டுமா, போடக் குளிர்ச்சட்டை வேண்டுமா, பக்ரறி வேலைக்கு ஒரு வாய்ச்சொல் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் போய் நிற்கிற வாசல் அதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் கஸ்பர். ஆனால் பட்டம் பெற்றவர்கள் எத்தனையோ பேர் கனடாவில் முதற்சோறு தின்றது அவருடைய வீட்டுக்கு அடியில், பேஸ்மென்றில். இதை அவர் எந்தச் சபையிலும் சொல்லாமல் விட்டதில்லை. சொன்னால் என்ன? உள்ளதைத்தானே சொன்னார்.

பிளாஸ்ரிக் வாளி வார்க்கும் பக்ரறியில் நின்று, முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு ஏறி, வீடு வாங்கி, மனைவி திரேசியாவின் சகோதரங்களை ஒவ்வொருவராகக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர். கடைசியாக வந்தவள் திரேசியாவின் தங்கை அன்ரனெற். அவளுடைய புருசன் அகஸ்ரின் கஸ்பருக்குச் சகலன். கொட்டும் பனிக்குள் செருப்புக் காலோடு வந்து நின்ற அகஸ்ரினுக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கிக் கொடுத்ததும் கஸ்பர்தான். குனிந்து அதன் நாடாவை இறுக்கிக் காட்டியதும் கஸ்பர்தான்.

அந்த அகஸ்ரின் பிக்கரிங்கில் புது வீடு வாங்கினான். கழுத்துப்பட்டி கட்டி, ரயிலேறி, நகரத்துக்குள் கந்தோர் வேலைக்குப் போனான். கஸ்பர் அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். "எங்கடை பெடியன்" என்று நாலு பேருக்குச் சொல்லிப் பெருமையும் பட்டார். அவரால் தாங்க முடியாமற் போனது ஒரு பழைய ரெயிலர்.

காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற வண்டி அது. ரோட்டில் போகும்போது தட்டையான பெட்டி. ஏரிக்கரையில் நிறுத்தி, முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றினால், அடியில் ஓடும் உருக்குக் கம்பி இழுபட்டு நாலு மூலைக் கால்களும் நீளும். கூரை மேலே எழும்பும். இரண்டு பக்கமும் கட்டில்களை வெளியே இழுத்துவிட்டால் சுற்றிவர கன்வசுத் துணி விரிந்து சுவராகும். குடை விரிகிற மாதிரி வீடு விரியும். யாரோ கழித்துவிட்ட ஒன்றை மலிவாக வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்கக் காராஜுக்குள் வைத்துக் கழற்றிப் பூட்டி, புதிதுபோல ஆக்கிவிட்டான் அகஸ்ரின்.

அதுவரைக்கும் கோடைகாலம் கஸ்பருடையது. ஓகஸ்ற் மாத நீண்ட விடுமுறை வந்தால் குடும்பம் முழுவதும் மோர்னிங்சைட் பூங்காவில் கூடும். ஆட்டிறைச்சி வெட்டுவது அவர், கரியடுப்பு மூட்டுவது அவர், யாருக்கு எந்த எலும்பு என்று தீர்ப்பதும் அவர். மற்றவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு வருவார்கள். போன வருடம் அவர் இறைச்சியை ஊறவைத்துவிட்டு நிற்கும்போது திரேசியா சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கை வெளிக்கிடுறாய்?"

"அகஸ்ரின் தம்பி எல்லாரையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போறாராம். நீங்களும் வாங்கோவன்."

"அவன் கூட்டிக்கொண்டு போக நான் போறதோ?"

"அப்ப இருங்கோ. நான் போட்டு வாறன்."

போனாள். குடும்பமே போனது. ஊறவைத்த இறைச்சியை உறைபெட்டிக்குள் தள்ளிவிட்டு, கஸ்பர் பாணும் சம்பலும் தின்றார். திரும்பி வந்த திரேசியாவின் முகத்தில் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. ஆனால் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் அந்த முகத்தில் கண்டு வெகுகாலம். செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்:

"ஒரு சுற்றுச் சுற்ற வீடு எழும்புது. அன்ரனெற் குடுத்து வைச்சவள்."

அந்தச் சொல் கஸ்பரின் நெஞ்சுக்குள் மீன்முள் மாதிரி இறங்கியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. திரேசியாவை இரண்டு மாடி வீட்டில் குடிவைத்தவர் இவர். அவள் கேட்காத வாசிங் மெசினை வாங்கிக்கொடுத்தவர். எதற்கும் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கைப்பிடி சுழற்றுகிற ஒரு பெட்டிக்குச் சொல்லிவிட்டாள். அடுத்த கோடையில் திரேசியா படுப்பது தன் கூரைக்குக் கீழேதான். இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தில் தான் வெறும் கிழடு. அன்றைக்கே அவர் மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்.

பனி உருகின கையோடு ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு பண்ணையில் ரெயிலர் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, தன் வான் வண்டியைக் கொண்டுபோய் இழுத்துவந்தார். வைக்கோற் கொட்டிலுக்குள் பல வருடம் கிடந்தது. மெத்தைக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. தரைப் பலகை காலை வைத்தால் ஊறின பிஸ்கற் மாதிரி உள்ளே போனது. ஆனால் அச்சு நல்லது, கால்கள் நாலும் நேர். அகஸ்ரினுடையதைவிட ஒரு முழம் நீளம். அளந்து பார்த்துவிட்டுத்தான் அவர் விலை பேசிக் கை கொடுத்தார்.

வீட்டுக்கு முன்னால் கார் விடுகிற றைவ்வேயில் வைத்துக் கழற்றத் தொடங்கினார். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட இல்லை. துருப்பிடித்த ஆணிக்கு எண்ணெய் விட்டு, தட்டி, திருப்பி, கழற்றின ஒவ்வொன்றையும் மாஜரின் டப்பாக்களில் போட்டு வைத்தார். சில்லைக் கழற்றிப் பெயறிங்கைத் துடைத்துப் புதுக் கிறீஸ் அடைத்தார். தரைக்குப் புதுப்பலகை இறக்கினார். கன்வசின் கிழிசலுக்குத் துண்டு வைத்து, மெழுகு தடவின நூலால் தானே இருந்து தைத்தார். ஊரில் பாய்மரத்துச் சீலை தைத்த கை அது. தையல் ஒன்றும் பிசகவில்லை. கூரையைக் கழற்றி இறக்கிவிட்டு வெறும் கால்களை ஒருக்கால் எழுப்பிப் பார்த்தார். கைப்பிடியைச் சுழற்ற நாலும் பழத்துக்குள் ஊசி ஏறின மாதிரி எழும்பின. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரேசியாவின் தமையன் அமிர்தநாதர் பின்னேரங்களில் கோப்பிக் கோப்பையோடு வந்து நிற்பார். வேலை செய்ய அல்ல, வாய் பார்க்க.

"மச்சான், அகஸ்ரின் நாலு மாசத்திலை முடிச்சவன். நீர் பெந்தெகொஸ்துக்குள்ளை முடிப்பீரோ?"

"அவன் பூசி மெழுகினவன். நான் கட்டுறன்."

"என்னத்தைக் கட்டுறீர்? உதென்ன கோயிலே?"

"அண்ணை, உமக்குக் கோப்பி ஆறுது. குடிச்சிட்டு நடவும்."

கூரைக்கு வந்தபோதுதான் கஸ்பருக்கு உண்மையான வேலை தொடங்கியது. பழைய கூரையைப் பிரித்துப் பார்த்தால் தீப்பெட்டி மாதிரி ஒட்டுப்பலகை, நடுவில் பஞ்சுபோல ஒரு நுரைத்தகடு, மேலே கடதாசி தடிப்பில் அலுமினியம். அவ்வளவுதான். அவருக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் இதற்குக் கீழேயா படுத்தான்? அகஸ்ரினும் இப்படித்தானே போட்டிருப்பான்? அவன் கட்டினது கடதாசிப் பட்டம். கூரை என்றால் கூரையாக இருக்கவேண்டும். அவருடைய காராஜில் வீட்டுக் கூரை மாற்றினபோது மிஞ்சின இரண்டங்குல மரச்சட்டங்கள் இருந்தன. தடித்த பலகை இருந்தது. கட்டுக் கட்டாகத் தார் பூசின ஓடுகளும் இருந்தன. மிஞ்சினதை எறிகிற வழக்கம் அவர் குடும்பத்திலேயே இல்லை.

அந்த நேரம் பார்த்து அகஸ்ரின் போன் எடுத்தான்.

"அண்ணை, கூரை அடிக்கிறியளாம் எண்டு அமிர்தநாதர் அண்ணை சொன்னார். பாரமாப் போட்டிடாதேங்கோ. நான் வந்து ஒருக்காப் பாக்கட்டே?"

"ஏன், எனக்குக் கண் தெரியாதோ?"

"அதில்லை அண்ணை, உந்தக் கம்பி..."

"தம்பி, நீ பிறக்க முந்தி நான் கூரை அடிச்சவன்."

போனை வைத்துவிட்டுத் திரேசியாவிடம் சொன்னார்: "பாத்தியே எரிச்சலை? தன்ரையைவிட எடுப்பா வந்திடுமெண்டு பயந்து போனான்."

"அவர் உதவிக்குத்தானே கேட்டவர்?"

"உனக்கு மனிசரைத் தெரியாது."

அகஸ்ரின் பாரமாகப் போடவேண்டாம் என்று சொன்னதால் அவர் இன்னும் ஒரு வரிசைச் சட்டம் கூட்டினார். பலகை அடித்தார். அதற்கு மேலே வீட்டுக்கு அடிக்கிற மாதிரியே தார் ஓட்டை வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடித்தார். வேலை முடிந்து பார்க்க, தட்டைப் பெட்டியின்மேல் ஒரு சின்ன வீட்டின் தலை உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனான். அவனுக்கும் எரிச்சல் என்றே கஸ்பர் எடுத்துக்கொண்டார்.

இனிச் செய்ய வேண்டியது ஒருமுறை விரித்துப் பார்ப்பது. எந்தக் கழுதைக்கும் தெரிந்த வேலை. ஆனால் விரித்தால் ரோட்டுக்குத் தெரியும். ரோட்டுக்குத் தெரிந்தால் பிக்கரிங்குக்குத் தெரியும். கண்ணூறு பட்டால் பச்சை மரமும் பட்டுப்போகும். ஆகவே அவர் நீலத் தார்ப்பாய்ப் படங்கால் முழுவதும் மூடி, கயிறு கட்டி, முன்னால் அந்தோனியார் பதக்கம் ஒன்றைத் தொங்கவிட்டார். பக்கத்தில் எலுமிச்சங்காயும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்.

"அந்தோனியார் இருக்கேக்கை மிளகாய் என்னத்துக்கு?" என்றாள் திரேசியா.

"அந்தோனியார் ஒரு பக்கம் பாப்பார். மற்றப் பக்கத்துக்கு மிளகாய்."

விடுமுறை வந்தது. கிழக்கே போகும் பெருந்தெருவில் அகஸ்ரினின் கார் தன் ரெயிலரைப் பட்டம் மாதிரி இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. கஸ்பரின் வான் ஏற்றத்தில் இருமியது. பின்னால் ஏதோ வண்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. "காத்து எதிர்க்காத்து," என்றார். மரம் ஒன்றின் இலைகூட அசையவில்லை. திரேசியா செபமாலையை எடுத்தாள்.

ஏரிக்கரையில் இரண்டு குடும்பத்துக்கும் அருகருகே இடம். அகஸ்ரினின் காரில் அமிர்தநாதரும் வந்திறங்கினார். அன்ரனெற் இறங்கினாள், இடுப்பில் சேலைத்தலைப்பைச் செருகினாள், ஒரு கையில் பிஸ்கற் துண்டோடு மற்றக் கையால் கைப்பிடியைச் சுழற்றினாள். பிஸ்கற் முடிய முன்னம் வீடு எழும்பி நின்றது.

கஸ்பர் அதைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டார். கயிற்றை அவிழ்த்து, படங்கை ஒரே இழுவையில் இழுத்தார். சபை வாயடைத்தது. அந்த வாயடைப்பைக் கஸ்பர் ஒரு கணம் நன்றாக அனுபவித்தார்.

"அண்ணை," என்றான் அகஸ்ரின் மெதுவாக, "இது வீட்டு ஓடெல்லோ?"

"ஓம். இருவத்தைஞ்சு வருசம் நிக்கும்."

"ரெயிலர் அவ்வளவு காலம் நிக்காதே அண்ணை."

"நீ பேசாமல் பார்."

கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினார். அது வந்தது. இன்னும் சுழற்றினார். கூரை ஒரு சாண் எழும்பியது. திரேசியாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த சுற்றுக்கு அது கல்லுமாதிரி நின்றது. இரண்டு கையாலும் தொங்கினார், காலை அச்சில் ஊன்றினார், முகம் நாவற்பழமாகியது. அடியில் கம்பி நரநரவென்று பல் கடித்தது. ஒரு மூலை மட்டும் சற்று எழும்பி, கூரை தொப்பி சரிந்த குடிகாரன் மாதிரிச் சாய்ந்தது.

அமிர்தநாதர் சுற்றிவந்து பார்த்தார். ஒரு சாண் இடைவெளிக்குள் தலையை வைத்து எட்டிப் பார்த்தார்.

"மச்சான், இது ரெயிலரோ சவப்பெட்டியோ? ஆளை உள்ளுக்கை வைச்சிட்டு மூடலாம் போலை கிடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். திரேசியா சிரிக்கவில்லை, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். அவளுடைய தோள் குலுங்கியதை அவர் கண்டார். மற்றவர்கள் சிரித்தது தோலோடு போயிற்று. இவளுடையது எலும்பில் பட்டது.

அகஸ்ரின் முன்னுக்கு வந்து அவர் கையைப் பிடித்தான். "விடுங்கோ அண்ணை. கம்பி அறுந்தால் கையைக் கொண்டு போயிடும். நான் அப்பவே போனிலை..."

"நீ எனக்குப் படிப்பிக்க வாறியோ?" கஸ்பர் கையை உதறினார். "வந்திறங்கேக்கை உன்ரை காலுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டவன் நான். நாடா கட்டத் தெரியாமல் நிண்டவன் நீ!"

அகஸ்ரின் வழமைபோலத் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பான். அன்றைக்குப் போகவில்லை.

"அந்தக் கதையைத்தானே அண்ணை இவ்வளவு வருசமாக் கேக்கிறன்." குரல் உயரவில்லை, அதனாலேயே எல்லாருக்கும் கேட்டது. "நான் வேலை எடுத்தன். கஸ்பரண்ணை கூப்பிட்ட பெடியனுக்கு நல்ல வேலையாம் எண்டினம். வீடு வாங்கினன். கஸ்பரண்ணை ஆளாக்கின பெடியன் வீடு வேண்டிட்டானாம் எண்டினம். என்ரை பேர் ஒருத்தற்றை வாயிலையும் வாறேல்லை. கோயிலிலை கும்பிட்டிட்டு வெளியிலை வந்தால் சனம் உங்களைச் சுத்தி நிக்கும். நான் தனிய, கார்த் திறப்பைக் கையிலை ஆட்டிக்கொண்டு நிப்பன். உங்களைப் பாக்க எனக்கு எரியும் அண்ணை. மெய்யாச் சொல்லுறன், வயிறு எரியும். இந்தப் பழசை வேண்டினதே, நீங்கள் முந்திச் செய்யாத ஒண்டு எனக்கெண்டு இருக்கட்டும் எண்டுதான். நீங்கள் உதையும் வேண்டிப்போட்டியள்."

அன்ரனெற் பிஸ்கற் பெட்டியை மூடினாள். 

கஸ்பருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பிக்கரிங் வீட்டுக்காரன், கழுத்துப்பட்டிக்காரன், தன்னைப் பார்த்து எரிந்தானாம்! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் நின்ற முள் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவர் தன் மூஞ்சியைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார்.

"இதை நீ முந்தியே சொல்லியிருக்கலாமே," என்றார்.

"என்னெண்டு சொல்லுறது? சப்பாத்தைப் பற்றிச் சொல்லுவியள்."

"ரெண்டுபேரும் உதைப் பிறகு கதையுங்கோ," என்று திரேசியா நடுவில் வந்தாள். ஏரிக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழை வரப்போகுது. கூரையைத் தூக்குறியளோ, இல்லாட்டி நான் அங்காலை போகவோ?"

அங்காலை என்றால் அகஸ்ரினின் ரெயிலர். கஸ்பர் நிமிர்ந்தார். திருநாளுக்கு மாதா சிலை வைத்த சுருவக்கூடு தூக்கின தோள் அது, கூரை எவ்வளவு? "மூலைக்கு ஒரு ஆள்!" என்றார். "அண்ணை, நீர் பின்பக்கம். அகஸ்ரின், நீ என்னோடை முன்னுக்கு வா." நாலாவது மூலைக்கு ஆளில்லை. அடுத்த கூடாரத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவன் கரண்டியோடு வந்து தோளைக் கொடுத்தான்.

"ஒண்டாத் தூக்குங்கோ! அகஸ்ரின், உன்ரை பக்கம் பதியுது!"

"உங்கடை பக்கம்தான் அண்ணை பதியுது!"

"மாதாவே, என்ரை நாரி!" என்றார் அமிர்தநாதர், இடுப்பை நெளித்தபடி.

"இது என்ன, வீடா?" என்று வெள்ளைக்காரன் தன் பாஷையில் கேட்டான். 

தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, கை நீட்டின உயரத்துக்குக் கூரை போனது. அன்ரனெற்றும் திரேசியாவும் ஓடிவந்து, வானுக்குள் கிடந்த மிஞ்சின மரச்சட்டங்களை நாலு மூலைக்கும் முண்டு கொடுத்தார்கள். கால்கள் நீண்டன. கன்வசு விரிந்தது. கூரை நின்றது.

கஸ்பர் கையைத் தட்டிக்கொண்டு சபையைப் பார்த்தார். மூச்சு வாங்கியது, ஆனால் வாய்க்குக் களைப்பில்லை.

"பாத்தியளோ? அகஸ்ரின்ரையை ஒரு பொம்பிளை பிஸ்கற் தின்னத் தின்னத் தூக்குவாள். என்ரையைத் தூக்க நாலு ஆம்பிளை வேணும்!"

"அதைக் கோயிலிலையும் சொல்லும் மச்சான்," என்றார் அமிர்தநாதர், நாரியைப் பிடித்தபடி.

அகஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கஸ்பரும் சிரித்தார், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று தெரிந்தும் சிரித்தார்.

திரேசியா வானில் இருந்து தலையணையை எடுத்துவந்தாள். ரெயிலரின் வாசலில் நின்று மேலே பார்த்தாள். முண்டுக் கட்டை ஒன்றைக் கையால் அசைத்துப் பார்த்தாள்.

"உது விழாதோ?"

"நான் கட்டினது விழுமோ?"

"விழுந்தால் ரெண்டு பேருக்கும் மேலைதானே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கட்டிலில் தலையணையைப் போட்டு, ஒரு தட்டுத் தட்டினாள். வேறு ஒரு புகழ்ச்சியும் அவள் வாயிலிருந்து வரவில்லை. கஸ்பர் வாசலில் நின்று கொஞ்சநேரம் காத்துப் பார்த்தார். பிறகு, தலையணை அங்கே கிடக்கிறதுதானே என்று விட்டுவிட்டார்.

மழை பெய்தது. அகஸ்ரினின் கூரையில் அது தகரத்தில் பயறு கொட்டின மாதிரிச் சத்தம் போட்டது. உள்ளே பேசின பேச்சுக் கேட்கவில்லை. ஒவ்வொருவராகத் தேத்தண்ணிக் கோப்பையோடு கஸ்பரின் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். அங்கே மழை தூரத்தில் யாரோ கதைக்கிற மாதிரித்தான் இருந்தது. அகஸ்ரின் கடைசியாக வந்தான். நிமிர்ந்து சட்டங்களைப் பார்த்தான். மடக்கின விரல் மொழியால் பலகையைத் தட்டிக் காது கொடுத்தான்.

"வீட்டுக்குள்ளை இருக்கிற மாதிரியே கிடக்கு அண்ணை."

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று கஸ்பருக்குத் தெரியும். அதை ஒரு வருடமாகச் சுமந்த அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஏரிக்கரையில் வேறு யார்? அவர் காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து, பெரிய மனதோடு சொன்னார்:

"காராஜிலை இன்னும் ஒரு கட்டு ஓடு கிடக்கு. வேணுமெண்டால் உனக்கும் அடிச்சுத் தாறன்."

"வேண்டாம் அத்தான்!" அன்ரனெற் அலறினாள். "எங்கடை கூரை எழும்புறதே போதும்!"

அகஸ்ரின் மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் அந்தக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.